சனிக்கிழமை என்று சொன்னேன்

என் மகள் தன் தாயின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடக் கூடாது என்பதற்காகப் பொய்க்கணக்குச் சொன்னவன் நான். தவறிச் சொல்லவில்லை. தெரிந்தே சொன்னேன்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறதோ என்னவோ... என்னைத் தெரிந்தவர்களிடம் சொல்லப் பலமுறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் வேறு எதையாவது பேசிவிட்டு எழுந்து வந்தேன்.

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் எனக்கு ஒரு சிறிய கடை இருக்கிறது. விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பது தொழில். அதற்கு முன் ஷார்ஜாவில் ஒரு பயண அலுவலகத்தில் பல வருஷம் இருந்தேன். தென்னையும் நெல்லும் பார்க்கிற குடும்பத்தில் பிறந்தவன்தான். ஆனால் எனக்குத் தண்ணீர் பாய்ச்சத் தெரிந்ததைவிட வானத்துப் பாதைகள் நன்றாகத் தெரியும்.

அதில் எனக்கு எவ்வளவு கர்வம் தெரியுமா! எந்த ஊர் விமான நிலையத்திலிருந்து எந்த ஊருக்கு எத்தனை நேரம் என்று யார் கேட்டாலும் கணினியைத் திரும்பிப் பார்க்காமலே சொல்வேன். "தூரம் வேறைங்க, நேரம் வேறைங்க" என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துவேன். காக்கை பறக்கிற தூரம் ஒன்று. விமானம் போகிற வழி ஒன்று. நடுவில் இறங்கிக் காத்திருக்கிற நேரம் ஒன்று. இவற்றோடு ஊருக்கு ஊர் கடிகாரம் மாறுவது வேறு. இதையெல்லாம் கூட்டிக் கழித்து, "வெள்ளிக்கிழமை மத்தியானம் சோத்து நேரத்துக்கு ஊட்டுல இருப்பாங்க" என்பேன். சொன்னபடி வந்து இறங்குவார்கள்.

ஆகவே எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் தானாக உண்டாகிவிட்டது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பந்தல்காரருக்குச் சொல்வார்கள், பக்கத்துச் சித்தூருக்கு ஃபோன் போட்டு ஃப்ரீஸர் பெட்டிக்குச் சொல்வார்கள், அடுத்து என்னைக் கூப்பிடுவார்கள். "பையன் துபாய்ல இருக்கறானுங்க. எப்பங்க வந்து சேருவான்?" என் வாயிலிருந்து வருகிற நேரத்தை வைத்துத்தான் எப்போது எடுப்பது என்று முடிவாகும். எத்தனையோ பிள்ளைகள் என் கணக்கினால் தாய் தகப்பன் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். அது புண்ணியம் என்றுகூட நான் எண்ணியதுண்டு...

என் மனைவி பெயர் பூங்கொடி. பிறந்த ஊர் எருத்தேன்பதிப் பக்கம். எங்களுக்கு ஒரே மகள், தாரணி. கோயமுத்தூரில் நர்சிங் படித்தாள். படிக்கிற இடத்தில் ஒருவனைப் பிடித்துப்போயிற்று. மாரிராஜ் என்று பெயர். அவனும் அதே படிப்பு. இடுக்கியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தவன். தாய் தகப்பன் கொழுந்து பறித்து அவனைப் படிக்க வைத்தார்கள்.

தமிழன்தான், நல்லவன்தான், குடிக்க மாட்டான், எல்லாம் சொன்னாள். நான் கேட்டது ஒன்றே ஒன்று. அவன் என்ன சாதி என்று கேட்டேன். அவள் சொன்னாள். நான் வாசலைக் காட்டினேன். "இனிமே இந்த ஊட்டுப் படி மிதிக்கக் கூடாது" என்றேன். இந்தக் கையை நீட்டித்தான் சொன்னேன்!

அவர்கள் மணம் முடித்து ஆக்லாந்து போனார்கள். நியூசிலாந்து. உலகத்தின் அந்தக் கோடி. அங்கே இருவருக்கும் ஆஸ்பத்திரியில் வேலை. நான் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். பூங்கொடி நிறுத்தவில்லை. நான் கடைக்குப் போன பிறகு மாட்டுக்கொட்டகையில் நின்று பேசுவாள். எனக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்தேன். பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டால் நிறுத்தச் சொல்ல வேண்டி வரும், அவள் நிறுத்த மாட்டாள், என் பேச்சு ஏறாது என்கிற பயம்தான்.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க, அந்த ஊரு எவ்வளவு தூரமுங்க?"

ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். கோயமுத்தூரிலிருந்து வானத்தில் நேர்க்கோடு போட்டால் பதினோராயிரத்து நானூறு கிலோமீட்டர் வரும் என்று எனக்கு மனப்பாடம். சொல்லியிருக்கலாம். சிங்கப்பூரில் இறங்கி ஏறினால் ஒரு நாளுக்குள் போய்விடலாம் என்றும் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உன்னால போய்ச் சேர முடியாத தூரம். ரசத்த ஊத்து" என்றேன். அவள் ரசம் ஊற்றினாள்.

ஆனாலும் ஒன்றை அவளாகவே கற்றுக்கொண்டிருந்தாள். காலையில் பால் கறந்துவிட்டு வரும்போது, "இப்பப் பாப்பாவுக்கு மத்தியானம் ஆயிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அங்கே கடிகாரம் நமக்கு முன்னால் ஓடுகிறது என்பது அவளுக்குத் தெரியும். அதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை விடியலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். பாலக்காட்டுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். வழியிலேயே அவள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. டாக்டர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அழுதேன். அது பொய்யில்லை... அதையும் நீங்கள் நம்ப வேண்டும். அவளை எனக்குப் பிடிக்கும். மிகவும் பிடிக்கும்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். பெட்டி வந்தது. பூங்கொடியின் அண்ணன் சின்னசாமி மச்சான் தகவல் கேட்டு ஓடிவந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் பிறந்த வீட்டுக் கோடி.

எங்கள் முறை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். அதைப் போர்த்தினால்தான் பாடை எழும். புருஷன் வீட்டார் எத்தனை பெரிய ஆட்களாக இருந்தாலும் சரி, அண்ணன் தம்பி கோடி போடாமல் பிணத்தைத் தொட்டுத் தூக்க முடியாது. சின்னசாமி மச்சான் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டார்.

தாரணிக்குத் தகவல் சொன்னதும் அவர்தான். சற்று நேரத்தில் என் ஃபோன் அடித்தது. வெளிநாட்டு எண். அத்தனை வருஷத்துக்குப் பிறகு என் மகளின் குரல்.

"அப்பா... கெளம்பறேனுங்கப்பா. இன்னைக்கு ஃப்ளைட்டுக்கே டிக்கெட் கெடச்சுருச்சு. நான் வந்தர்றேன். என்னைய உட்டுட்டு எடுத்துராதீங்கப்பா..."

அழுகையில் பாதிச் சொல் புரியவில்லை. நான் "செரி கண்ணு, வா" என்றேன். ஆம், கண்ணு என்றேன்! வாக்குக் கொடுத்தேன்! அந்த நொடியில் அது உண்மையாகவே என் வயிற்றிலிருந்து வந்தது.

பிறகு அவள் சொன்னாள். "அவுருந்தானுங்கப்பா கூட வர்றாரு."

அவ்வளவுதான்.

மகனில்லாத வீடு எங்களுடையது. மருமகன் வந்து தோள் கொடுக்கிறேன் என்று நின்றால் எந்த முகத்தோடு தடுப்பேன்? தடுக்காமல் விட்டால், பங்காளிகள் அந்தப் பாடையைத் தொடுவார்களா? அத்தனை பேர் முன்னிலையில் லயத்துப் பையன் என் வீட்டு நடுவாசலில்... என் மனைவி பெட்டிக்குள் கிடக்கிறாள், நான் யோசித்தது இதைத்தான். செத்தவளைவிட, வந்துகொண்டிருக்கிறவளைவிட, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பங்காளிகளின் கண்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. கேவலம்! எழுதும்போது கை கூசுகிறது.

அன்று மாலை எல்லாரும் கூடியிருக்கும்போது சின்னசாமி மச்சான் கேட்டார். "மாப்ள, பாப்பா எப்ப வந்து சேரும்? நீங்கதான் சொல்லோணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கம்போல.

உண்மைக் கணக்கை உங்களுக்குச் சொல்கிறேன். அவள் ஏறுவது வியாழன் நடுராத்திரி, அந்த ஊர் மணிப்படி. சிங்கப்பூருக்குப் பதினோரு மணி நேரம். அங்கே நாலு மணி நேரம் காத்திருப்பு. கோயமுத்தூருக்கு நாலரை. ஆக இறங்கும்போது அவள் ஊர்க் கடிகாரம் வெள்ளி இரவு ஏழரை காட்டும். கிழக்கே இருக்கிற ஊரின் கடிகாரம் நமக்கு ஆறரை மணி முந்தி ஓடுவது. அங்கிருந்து வருகிறவருக்கு அதைக் கழிக்க வேண்டும். கழித்தால் நமக்கு வெள்ளி மத்தியானம் ஒரு மணி. மூன்று மணிக்கெல்லாம் வீட்டு வாசலில் இருப்பாள்.

நான் கழிக்கவில்லை. கூட்டினேன்.

கூட்டினால் சனிக்கிழமை அதிகாலை இரண்டு மணி ஆகிவிடும். "சனிக்கிழமை விடிஞ்சுதானுங்க மச்சான் ஊடு வந்து சேருவா" என்றேன். விரல்விட்டு எண்ணிக்காட்டினேன். சிங்கப்பூரில் இத்தனை நேரம், மணி மாறுவதில் இத்தனை நேரம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு சொல் தடுமாறவில்லை. யாராவது பின்னால் கண்டுபிடித்தால், துக்கத்தில் கூட்டல் கழித்தல் மாறிப்போயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதையும் அப்போதே யோசித்துவைத்தேன். பாருங்கள், மனைவி செத்த அன்று ஒருவனுக்கு எவ்வளவு தெளிவு!

அந்த வீட்டில் அந்தக் கணக்கைத் திருத்தக்கூடியவள் ஒருத்தி இருந்தாள். அவள் பெட்டிக்குள் படுத்திருந்தாள்.

சனிக்கிழமை என்ற சொல்லை நான் ஏன் அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன் என்று உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். சனிப்பிணம் தனிப்போகாது. எங்கள் பக்கம் இதைச் சொல்லிக் கேட்காத பிள்ளை இல்லை. சனிக்கிழமை எடுத்தால் துணைக்கு இன்னொரு உயிரைக் கூட்டிக்கொண்டு போகும்.

சின்னசாமி மச்சான் விடவில்லை. "அதுக்கென்னுங்க? ஒரு கோழியப் பாடையில கட்டீட்டு எடுத்தாப் போச்சு. பெத்த புள்ளைங்க. வந்து மொகத்தப் பாக்கட்டும். அது வர்ற வரைக்கும் நான் கோடிய வெளிய எடுக்க மாட்டனுங்க" என்றார்.

எங்கள் பங்காளிகளில் மூத்தவர் எழுந்தார். "கோழி கட்டுனாப் போதும்பீங்க. எங்கூட்டு மருமக மாசமா இருக்கறா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீங்க வந்து நிப்பீங்களா?" என்றார். பெண்கள் பக்கத்திலிருந்தும் முணுமுணுப்பு எழுந்தது. பேச்சு தடித்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, காலை பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு பக்கம். காத்திருக்க வேண்டும் என்று மச்சான் ஒருவர் மட்டும் மறுபக்கம்.

கடைசியில் அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க மாப்ள? உங்க பொண்டாட்டி. உங்க புள்ளை."

ஒரே ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. "காத்திருப்பமுங்க." அவ்வளவுதான். அதைச் சொல்லியிருந்தால், பொய்க்கணக்குக்குப் பிறகும்கூட எல்லாம் சரியாகியிருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "போனவ போயிட்டா... இருக்கற உசுரப் பாக்கணுமல்லங்க மச்சான்" என்றேன்.

என் குரல் தழுதழுத்தது. அதைக் கேட்டு இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். என்னைப் பார்த்து, எவ்வளவு நல்ல மனுஷன் என்றுகூட நினைத்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை விடியலில் என் ஃபோனில் ஒரு செய்தி வந்தது. நான் தொழுவத்தின் பக்கம் போய்ப் படித்தேன். சிங்கப்பூர் வந்துவிட்டோம், மத்தியானம் கோயமுத்தூர், அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா என்று எழுதியிருந்தாள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்... செத்துக் கிடக்கிறவளை!

அப்போதும் நேரம் இருந்தது. பாடைக்கு மூங்கில்கூட வெட்டியிருக்கவில்லை. உள்ளே போய், "கணக்கு மாறிப் போச்சுங்க, இன்னைக்கே வந்தர்றாங்களாமா" என்று சொன்னால் ஊரே மகிழ்ந்திருக்கும். சனிக்கிழமைப் பேச்சே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்திருக்கலாம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. நான் அந்தச் செய்தியை அழித்தேன். ஃபோனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பிறகு கறக்கப்படாமல் நின்ற மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

உறவுக்காரப் பெண்கள் அவள் தலைக்கு எண்ணெயும் அரப்பும் வைத்துக் குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். மகள் போட வேண்டிய இடத்தில் ஒரு நொடி எல்லாரும் நின்றார்கள். யாரோ ஒருத்தி, "தாரணிக்குப் பதுலா நான் போடறேன்" என்று கொஞ்சம் அரிசி எடுத்துப் போட்டாள். சின்னசாமி மச்சான் மஞ்சள் பையிலிருந்து சேலையை எடுத்தார். பிரித்தார். தங்கை மேல் போர்த்தினார். போர்த்திவிட்டு என்னைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

ராகுகாலத்துக்கு முன் எடுத்தோம். நான்தான் கொள்ளி வைத்தேன்.

நாங்கள் திரும்பி வந்து, வீடு கழுவி விளக்கேற்றி, எல்லாரும் சோர்ந்து உட்கார்ந்திருந்த பிற்பகலில் வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது.

முதலில் எழுந்தவர் சின்னசாமி மச்சான். வண்டியைப் பார்த்தார். இறங்குகிறவளைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சனிக்கிழமைன்னீங்க?"

"கணக்கு... தப்பிப் போச்சுங்க மச்சான்."

"உங்களுக்குமா தப்புது?"



தாரணி ஈரவாசலைப் பார்த்தாள். ஏற்றியிருந்த விளக்கைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "செரி கண்ணுன்னு சொன்னீங்களேப்பா..." என்றாள்.

இங்கேதான் என் இரண்டாவது பாவம். முதலாவதைவிடப் பெரிது.

"நான் எவ்வளவோ சொன்னேன் கண்ணு. யாரும் கேக்கல. சனிப்பொணம் அது இதுன்னு... கடைசியில உங்க மாமனே கோடியப் போட்டுட்டாரு. நான் என்ன பண்ணுவேன்?"

அவள் திரும்பினாள். "நீங்கதான் கோடி போட்டீங்களா மாமா?"

மச்சான் என் முகத்தைப் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார், இதோ சொல்லப்போகிறார்... அவர் வாய் திறந்து, "ஆமா சாமி, நான்தான் போட்டேன்" என்றார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று திருப்பியது திருப்பியதுதான். பிறகு அவரோடு ஒரு சொல்கூடப் பேசவில்லை.

மாரிராஜ் வீட்டுக்குள் வரவில்லை. டாக்ஸிக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றான். மச்சான்தான் போய் அவன் கையைப் பிடித்து, "உள்ள வாங்க மாப்ள" என்று கூப்பிட்டார். "இருக்கட்டும் மாமா, நான் இங்கனயே நிக்கேன். அவ போய் அழுதுட்டு வரட்டும்" என்றான். எதைத் தடுக்க நான் இத்தனையும் செய்தேனோ, அது நடக்கவே இல்லை. அவன் என் படியை மிதிக்கவில்லை. நான் மிதிக்கக் கூடாது என்று சொன்னதை அந்தப் பையன் மறக்காமல் வைத்திருந்தான்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவது எங்கள் வழக்கமில்லை. தாரணி அடுப்படிக்குள் போய்க் கை நிறைய அரிசி அள்ளிக்கொண்டு நடந்தாள். யாரும் மறிக்கவில்லை. மாரிராஜ் பின்னால் போனான். நானும் சற்றுத் தள்ளிப் போனேன். சிதை அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. காவலுக்கு நின்ற ஆளிடம், "தல எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டாள்.

அவர் கையைக் காட்டினார்.

அவள் அந்தப் பக்கம் போய், நெருப்பின் அனல் முகத்தில் அடிக்க நின்று, அரிசியைப் போட்டாள். பொரிந்து தெறித்தது. மறுபடி போட்டாள். கை காலியான பிறகும் போட்டுக்கொண்டே இருந்தாள். மாரிராஜ் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். அவன் என்னைத் தாண்டிப் போகும்போது, "மாமா, நீங்க சாப்பிட்டீகளா?" என்று கேட்டான். எனக்கு அந்த இடத்திலேயே அந்த நெருப்பில் விழுந்துவிடலாமா என்றிருந்தது. விழவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

காரியம் முடிந்த பிறகு சின்னசாமி மச்சானைத் தனியே பார்த்தேன். வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"அதுக்கு அம்மா போயிட்டா. அப்பனும் இல்லாமப் போயிரக் கூடாது. அதுக்குத்தான் சும்மா இருந்தேன். உங்களுக்காக இல்லீங்க."

நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே ஓடிப்போய் மகளிடம் உண்மையைச் சொல்லியிருப்பீர்கள் இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று. அவள் ஊருக்குத் திரும்பும் நாள் வந்தது. விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் முந்துன ஃப்ளைட்டப் புடிச்சிருக்கணுமுங்கப்பா. லீவு சொல்லறதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்ததுல அது போயிருச்சு..." என்றாள். தன்மீதும் பழி போட்டுக்கொண்டாள்! மாமன்மீது பாதி, தன்மீது பாதி. எனக்கென்று அவள் மிச்சம் வைத்தது அன்பை மட்டும்தான்.

முந்தைய விமானம் தேவையே இல்லை, நீ பிடித்ததே போதுமாயிருந்தது என்று சொல்ல நாக்கு எழுந்தது. "விடு கண்ணு, விதி" என்றேன். விதியாம்!

அதன்பிறகு அவள் என்னோடு வாரம் தவறாமல் பேசுகிறாள். மருந்து போட்டேனா என்று கேட்கிறாள். மாரிராஜும் பேசுகிறான். பேத்தி பிறந்தாள். பூங்கொடி என்றே பெயர் வைத்தார்கள். நான் போய்ச் சேர முடியாத தூரம் என்று சொன்ன அந்த ஊரிலிருந்து, திரையில் அந்தக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. நானும் சிரிக்கிறேன். எப்படி முடிகிறது என்று கேட்கிறீர்களா? எனக்கும் தெரியவில்லை... முடிகிறது.

கடையை நான் மூடவில்லை. சாவு வீட்டிலிருந்து இன்றும் கூப்பிடுகிறார்கள். இப்போதெல்லாம் ஒன்றுக்கு இரண்டு முறை கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். அதனால் என்ன ஆகிவிடப் போகிறது!

இந்த மழைக்காலத்தில் சின்னசாமி மச்சான் இறந்துபோனார்.

தகவல் வந்ததும் ஓடினேன். பெட்டிக்குள் கிடந்தார். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்த அக்கா என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். "பாப்பாவுக்குச் சொல்லுங்க. கடைசி வரைக்கும் அதையேதான் கேட்டுட்டு இருந்தாருங்க. அது வருமுன்னா நாளைக்கு வரைக்கும் வெச்சிருக்கலாமுங்க" என்றார். அந்த மனுஷன் கட்டிய பெண்சாதியிடம்கூட என் பொய்யைச் சொல்லாமல் கட்டையில் ஏறப் போகிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பந்தலுக்கு வெளியே தூறலில் நின்று தாரணியைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் வர மாட்டேனுங்கப்பா."

"கண்ணு..."

"எங்கம்மா மொகத்த ஒரு அரை நாள் எனக்காக வெச்சிருக்காதவுரு. அவுரு மொகத்த நான் எதுக்குங்க பாக்கோணும்?" அவள் குரல் உடைந்தது. "மழையில நிக்காதீங்கப்பா. உள்ள போங்க. எனக்குன்னு இருக்கறது நீங்க ஒருத்தருதான்."

அங்கே சொல்லியிருக்க வேண்டும். அவர் இல்லையம்மா, நான். காத்திருக்கச் சொன்னவர் அவர் ஒருவர்தான். கோடியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார், நான்தான் பொய் சொல்லி அதை வெளியே எடுக்க வைத்தேன். இத்தனை வருஷமாக மனசுக்குள் எழுதி வைத்திருந்த சொற்கள்தான் எல்லாம். சொன்னால் அவள் அடுத்த விமானத்தில் ஏறியிருப்பாள். மாமன் காலைப் பிடித்து அழுதிருப்பாள். எனக்கு மகள் இல்லாமல் போயிருப்பாள்.

நான் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் இரண்டு முறை "அப்பா?" என்றாள். "செரி, வெக்கறேன்" என்றேன்.

பந்தலுக்குள் போனேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னுங்க சொல்லுச்சு? எப்ப வந்து சேருமாமா?"

"லீவு கெடைக்கலீங்களாமாக்கா. காத்திருக்க வேண்டாமுங்க."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் மகன்கள் இருந்த பக்கம் திரும்பினார்.

"மாமா சொல்லிப்போட்டாரு, பாப்பா வராதாமா. அவுரு சொன்னாச் செரியா இருக்கும். எடுங்க சாமி" என்றார்.

எடுத்தார்கள்.